சம்பளத்துக்கு ஏது தொப்பி?

கேள்வி: கொரோனா காலத்தில் வருமானம் விழுந்ததும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் வீரர்களின் 'சம்பளத் தொப்பி'யும் சுருங்கியதாக ஒரு பத்திரிகையில் வாசித்தேன். முதலாளிக்கு நட்டம் வந்தால் ஆட்டக்காரனின் சம்பளத்தில் கை வைப்பது என்ன நியாயம்? மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனதும் இதனால்தானா?
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: எந்தப் பத்திரிகையில் வாசித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொப்பியைத் தைத்தவர் யார் என்பதும் தெரியும். கொழும்பில் உட்கார்ந்து விளையாட்டுப் பக்கம் மொழிபெயர்க்கிற அந்த மனிதருக்கும் எனக்கும் இருபது வருடப் பகை. ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகலாம் என்று நிற்கிற வீரரை 'இலவச முகவர்' என்று எழுதியவர் அவர். இலவசமாக ஒரு முகவர் கிடைத்தால் நானே பிடித்து வைத்துக்கொண்டு சந்தா வசூலுக்கு அனுப்பியிருப்பேனே! தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "அகராதியில் அப்படித்தான் இருக்கிறது" என்றார். அகராதியில் உப்பும்தான் இருக்கிறது, கிழித்துக் கறியில் போடுவீர்களா என்றேன். அன்றைக்கு வைத்தவர்தான், இன்றுவரை எடுக்கவில்லை.

இப்போது தொப்பி. ஆங்கிலத்தில் 'கேப்' என்றால் தொப்பியும்தான், மேல் எல்லையும்தான். சம்பளத்துக்கு வைத்த எல்லையை நம் ஆள் தொப்பியாக்கிவிட்டார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொப்பி என்றால் துரை. துரைக்குத் தொப்பி, கங்காணிக்குத் தலைப்பாகை, கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குத் தலையில் கூடைக்கயிறு. மழை நாளில் அதற்கு மேல் ஒரு கம்பளி, பிற்காலத்தில் பொலித்தீன். யார் தலையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே மாதக் கடைசியில் யார் கையில் என்ன வரும் என்று சொல்லிவிடலாம். சிங்களத்தில் ஒருவருக்குத் தொப்பி போடுவது என்றால் ஏமாற்றுவது. ஹட்டன் பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் காதில் விழும். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் மொழிபெயர்ப்பாளர் தெரியாத்தனமாகச் சரியான சொல்லைத்தான் போட்டுவிட்டாரோ என்றும் ஒரு சந்தேகம்.

சரி, தமிழில் அதற்கு உச்சவரம்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அது எங்கள் ஆட்களுக்கு அறிமுகமான விதம் வேறு. 1972-இல் காணி உச்சவரம்பு வந்தது, ஒருவருக்கு 50 ஏக்கர். அதற்கு மேலே தனியார் கையிலிருந்த காணி, 1975-இல் கம்பனிகளின் காணி என்று எல்லாம் அரசாங்கத்துக்குப் போனது. அந்தக் காணியில் நூறு வருடம் குனிந்து நின்றவர்களுக்கு வந்தது பட்டினி. எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வன்னிப் பக்கம் இறங்கின. அதனால்தானோ என்னவோ, வரம்பு என்று யாராவது வாயைத் திறந்தால் எங்களுக்கு முதலில் வயிற்றைக் கலக்குகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். அமெரிக்கர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்லிக் கையால் ஆடுகிற அந்த விளையாட்டில், 2021-இல் யாருடைய ஒப்பந்தச் சம்பளத்தையும் லீக் நேரடியாக வெட்டவில்லை. என்.எஃப்.எல். என்கிற அந்த லீக்கில் 32 அணிகள். தொலைக்காட்சி, டிக்கெட், விளம்பரம் என்று வருகிற பணத்தில் ஒரு பங்கு வீரர்களுக்கு. 2020-இல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 2021 முதல் அது 48 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தப் பங்கிலிருந்து கணக்குப் போட்டு, ஓர் அணி தன் வீரர் எல்லாருக்குமாகச் சேர்த்து இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று கோடு கிழிக்கிறார்கள். கீழேயும் ஒரு கோடு உண்டு. ஒதுக்கியதில் பெரும்பகுதியை வீரர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும், மிச்சம் பிடித்து மடியில் கட்டிக்கொள்ள முடியாது.

1994-இல் தொடங்கியபோது அந்தக் கோடு 34.6 மில்லியன் டொலரில் இருந்தது. 2020-இல் 198.2 மில்லியன். பிறகு அரங்குகள் காலியாகின, டிக்கெட் இல்லை, வாகனத் தரிப்பிடக் காசு இல்லை, பியர் விற்பனை இல்லை. 2021-இல் கோடு 182.5 மில்லியனுக்கு இறங்கியது. ஒப்பந்தங்கள் பழையபடி நிற்கின்றன, மொத்தம் மட்டும் சுருங்கிவிட்டது. அப்படியானால் யாரையாவது இறக்கிவிட வேண்டும். நட்சத்திரத்தை இறக்க மாட்டார்கள். புதிதாக வந்த பையன் மலிவு, அவனும் இருப்பான். நடுவில் இருக்கிற, முப்பது வயதைத் தொடுகிற, முழங்கால் கொஞ்சம் வலிக்கிற ஆள்தான் போவார். எங்கேயும் அப்படித்தானே.

கோடு ஏன் இன்னும் கீழே போகவில்லை என்று கேட்டால், அதுதான் சுவாரசியம். ஒரு வருட நட்டத்தை ஒரே வருடத்தில் கழிக்காமல், வரப்போகிற வருடங்களிலும் பரப்பிக் கழிக்க லீக்கும் சங்கமும் ஒத்துக்கொண்டன. அணிகளும் தங்கள் பங்குக்கு, இந்த வருடச் சம்பளத்தை போனஸாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கணக்கில் அதை மூன்று நாலு வருடத்துக்குப் பிரித்து எழுதின. அமெரிக்கப் பத்திரிகைகள் இதை ஏதோ பெரிய நிதி வித்தை போல எழுதின. நமக்கு இது தீபாவளி முற்பணம். ஐப்பசியில் வாங்கி வெடியும் சேலையுமாக முடித்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கு முந்தின மாதம்வரை செக்றோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் கழிபடுகிற அதே முற்பணம். வெட்டிவிட்ட வீரரின் போனஸ் பாக்கியும் அணியின் கணக்கிலேயே கிடக்கும். அதைச் 'செத்த காசு' என்று மொழிபெயர்த்திருந்தார் என் பகையாளி. அந்த ஒன்று மட்டும் அவருக்கு வாய்த்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மெஸ்ஸி கதை வேறு. ஸ்பெயினில் எல்லா அணிக்கும் ஒரே கோடு கிடையாது. ஒவ்வொரு கழகத்தின் வருமானத்தையும் கடனையும் பார்த்துத் தனித்தனியாகக் கிழிக்கிறார்கள். பார்சிலோனாவுக்கு 2019-20 பருவத்தில் ஏறக்குறைய 671 மில்லியன் யூரோ இருந்தது. இரண்டு வருடத்தில் அது 97 மில்லியன் சொச்சம். கொரோனா மட்டும் செய்த வேலை அல்ல, அதற்கு முன்னால் கண்டபடி வாரி இறைத்ததும் சேர்ந்தது. பாதிச் சம்பளத்துக்கு ஆடுகிறேன் என்று மெஸ்ஸி சொல்லியும் அவரைப் பதிவு செய்ய இடமில்லை. 2021 ஓகஸ்டில் மேடையில் நின்று அழுதுவிட்டு பாரிஸுக்குப் போனார். அடுத்த வருடம் அந்தக் கழகத்தின் வரம்பு மைனஸ் 144 மில்லியன் என்று அறிவித்தார்கள்.

மைனஸ்! சம்பளக் கணக்கு மைனஸில் போகுமா என்று உலகமே வாயைப் பிளந்தது. என் பெரியம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் வேலை செய்த தோட்டத்தில் சம்பள நாளன்று வரிசையில் நின்று, அரிசி, மா, தேயிலைத் தூள், கோயில் வரி, சங்கச் சந்தா, மரணச் சகாயம், முற்பணம் என்று எல்லாம் கழித்துக் கடைசியில் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு ஒன்றுமில்லை, இன்னும் நீதான் தரவேண்டும்" என்பார். பெரியம்மா சேலை முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வருவார். ஒரு நாளும் அழுததில்லை. மேடையும் இல்லை.

அந்தக் கழிவு சம்பள நாளில் மட்டும் நடப்பதல்ல. சின்ன வயதில் பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் சாக்கில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிற்பேன். கூடையைக் கொக்கியில் மாட்டுவார்கள். தராசு முள் ஆடி நிற்பதற்கு முன்பே நிறுக்கிற ஐயா வாசித்துவிடுவார். கூடைக்கு ஒரு கிலோ கழிவு, கொழுந்து ஈரம் என்று இன்னொரு கிலோ. வெயில் நாளிலும் ஈரம்தான். "இன்றைக்கு மழையே பெய்யவில்லையே ஐயா" என்று ஒரு நாள் பெரியம்மா கேட்டார். "பனி பெய்தது" என்றார் ஐயா. சொன்ன கிலோவில் ஒன்று குறைந்தால் அரைப்பேர். முழு நாள் மலையில் நின்றவருக்குப் பாதி நாள் சம்பளம்.

இப்போது உங்கள் 'என்ன நியாயம்' என்ற இடத்துக்கு வருவோம். வருமானம் இறங்கினால் சம்பளக் கோடு இறங்குவது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏறும்போதும் ஏறவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஏறியது. 182.5-இல் கிடந்தது 2025-இல் 279.2 மில்லியன். அதற்குக் காரணம் முதலாளிகளின் தர்மசிந்தை அல்ல. மொத்த வருமானம் எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வீரர் சங்கத்துக்கு உரிமை உண்டு.

புத்தகம் திறக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் காலால் ஆடுகிற உதைபந்தாட்டத்தைப் பாருங்கள். அரங்கு நிரம்பி வழிகிறது, ஆனால் 1961 வரை ஒரு வீரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் எழுந்த பிறகுதான் அந்தக் கோட்டை அழித்தார்கள். உடனே ஃபுல்ஹாம் கழகம் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. நேற்றுவரை கையில் காசில்லை என்றவர்கள் இன்றைக்கு ஐந்து மடங்கை எங்கேயிருந்து எடுத்தார்கள்?

நம் கதையும் அதேதான். 2022-இல் ரூபாய் சரிந்தபோது கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ரூபாய்க் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. விளைச்சல் விழுந்தது, உரம் யானை விலை, அதுவும் உண்மை. ஆனால் 2021 மார்ச்சில் போராடி வாங்கிய 1000 ரூபாய் நாட்சம்பளம் 2024-இல் 1350 ஆகும்வரை ஓர் அங்குலம் அசைந்ததா? விலை இறங்குகிற வருடத்தில் மட்டும் கம்பனிக்காரர்கள் மேசையில் வரைபடம் விரித்து, பார்த்தீர்களா நட்டம் என்கிறார்கள். வருமானத்தைப் பங்கு போடுவோம் என்று அவர்களே ஒரு திட்டமும் வைத்திருக்கிறார்கள். நல்லது. பங்கு போடுவதற்கு முன் புத்தகத்தைக் காட்டுங்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாயோடு, வேலைக்கு வருகிற நாளுக்கான கொடுப்பனவாக 200 ரூபாயை அரசாங்கமே தரும் என்றார்கள். கம்பனியின் கணக்கைக் கேட்பதைவிடத் திறைசேரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது சுலபம் போலிருக்கிறது. 1940-இல் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டதற்குப் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் செத்தார். இதை நான் எழுதும்போதெல்லாம் 'மறுபடியும் முல்லோயாவா' என்று ஒரு வாசகர் தபாலட்டை போடுவார். இந்த மாதமும் போடட்டும், முத்திரைச் செலவு அவருடையது.

அப்புறம், வருமான இழப்பு சம்பளத்தை எப்படிப் பாதிக்கும் என்று கேட்டீர்கள் அல்லவா? உங்கள் கேள்விக் கடிதத்தைக் கோப்பில் வைக்கும்போது பக்கத்தில் இருந்த சந்தாப் பதிவேட்டையும் பார்த்தேன். உங்கள் பெயருக்கு நேரே போன சித்திரையிலிருந்து வெறும் கோடுதான் இருக்கிறது. எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற தம்பி இன்னும் போன மாதச் சம்பளம் வாங்கவில்லை. இந்தப் பக்கத்தை அவர்தான் கோத்தார். உங்கள் பெயரையும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.