அமெரிக்க வேலையிடமும் யூனியனும்: கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடமாக எங்கள் யூனியனில் ஸ்டீவர்ட், அதாவது வேலையிடத்தில் தொழிலாளர் சார்பாகப் பேசும் ஆள். வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் கிடங்கில் யூனியன் இல்லை. சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொன்னால் வேலை போகும் என்கிறார் மேனேஜர். உண்மையா?

அப்படி வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம். 1935இல் வந்த தேசிய தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, யூனியன் உள்ள இடத்துக்கு மட்டும் உரியதல்ல. இரண்டு பேர் சேர்ந்து சம்பளம், ஷிப்ட், பாதுகாப்பு பற்றிப் பேசினாலே அந்தப் பிரிவு காப்பாற்றும். ஆனால் தனியாகப் போய் "எனக்குக் கூட்டித் தாருங்கள்" என்று கேட்டால் காப்பாற்றாது. சக ஊழியர்களோடு பேசிவிட்டு "எங்களுக்கு" என்று கேளுங்கள். மேற்பார்வையாளர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்; அது பெரிய அநியாயம்.

ஒன்றை மறக்காதீர்கள். தண்டித்தால் 6 மாதத்துக்குள், இந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அரசு அமைப்பான தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஹெச்.ஆர். பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். தெரிந்தவர் ஒருவர் அப்படிக் காத்திருந்து ஏழாவது மாதம் என்னிடம் வந்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் யார் வந்தாலும் முதலில் தேதியைக் கேட்கிறேன்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர் யூனியனில் சேரலாமா?

சேரலாம். விசா பற்றிய மற்றதெல்லாம் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். எனக்கும் இதே சட்டமா?

இல்லை. அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம்தான். அதைப் பாருங்கள்.

டெக்சாஸ் 'ரைட் டு ஒர்க்' மாநிலம். அதனால்தான் எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டு எடுக்கிறார்களா?

இரண்டும் வேறு. காரணம் சொல்லாமல் எடுப்பது 'அட்-வில்'. மொன்டானா தவிர எல்லா மாநிலத்திலும் அதுதான் பொதுவிதி. யூனியனுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று யூனியனும் கம்பெனியும் போடும் கான்ட்ராக்டில் எழுதுவதைத் தடுப்பது 'ரைட் டு ஒர்க்'. 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மாநிலங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

அப்படியானால் சந்தா கட்டாமலே சம்பள உயர்வு வருமே. எதற்குக் கட்ட வேண்டும்? என் பழைய யூனியன் சோம்பேறிகளைத்தான் காப்பாற்றியது.

வரும். கட்டாதவருக்கும் சேர்த்தே பேச வேண்டியது யூனியனின் கடமை. கறுப்பின ரயில் தொழிலாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் 1944லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் கான்ட்ராக்டை மீறியதாக யூனியன் கொடுக்கும் புகார் மத்தியஸ்தரிடம் போனால் செலவுக்குப் பணம் வேண்டும். அது கட்டுபவர் பையிலிருந்துதான் வருகிறது.

சோம்பேறி விஷயம்: ஒருவரை எடுக்க வேண்டும் என்று மேனேஜர் வந்தால் நான் கேட்பது ஆதாரத்தை மட்டும்தான். ஆதாரம் இருந்தால் அவர் போவார், போயும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்காத இடத்தில், மேனேஜருக்குப் பிடிக்காத நல்ல வேலைக்காரரும் போவார்.

முந்தைய கேள்வி கேட்டவரே மீண்டும்: 2023இல் டெட்ராய்ட் ஸ்ட்ரைக் முடிந்ததும் யூனியனே இல்லாத டொயோட்டா, ஹோண்டா ஆலைகளிலும் சம்பளம் கூட்டினார்கள். யூனியன் இல்லாமலே கிடைக்கிறதே!

கூட்டினார்கள், சரி. ஏன் கூட்டினார்கள் என்று பாருங்கள். ஃபோர்ட், ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் என்ற மூன்று கார் கம்பெனித் தொழிலாளர்கள் செப்டம்பர் 15 முதல் ஆறு வாரம், ஆலை ஆலையாக வெளியே வந்து 25 சதவீத உயர்வு வாங்கினார்கள். தங்கள் ஆட்களும் யூனியன் கேட்டுவிடுவார்களோ என்று மற்ற கம்பெனிகள் பயந்தன என்றே நினைக்கிறேன். ஸ்ட்ரைக் நாட்களில் வாரத்துக்கு 500 டாலர் கொடுத்து அந்தக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது சந்தாப் பணம். யாரோ வாசலில் நின்றதால் உங்களுக்கு வந்த காசு அது. இதில் நான் இறங்கிப் பேசத் தயாராக இல்லை.

ரைட் டு ஒர்க் மாநிலத்தில் யூனியனே வைக்க முடியாதாமே?

மேலே எழுதியிருக்கிறேன். வைக்க முடியும். டென்னசியும் அப்படிப்பட்ட மாநிலம்தான். 2024 ஏப்ரலில் சட்டனூகா ஃபோக்ஸ்வேகன் ஆலையில் 73 சதவீதம் பேர் யூனியனுக்கு வாக்களித்தார்கள். 30 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் தேர்தல் கேட்கலாம். கையெழுத்து வாங்கும் பேச்சை ஆபீஸ் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜார்ஜியா ரைட் டு ஒர்க். அப்படியென்றால் காரணமில்லாமல்...

டெக்சாஸ்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஸ்ட்ரைக் செய்தால் வேலை போகுமா?

ஸ்ட்ரைக் செய்ததற்காக நீக்கக் கூடாது. ஆனால் சம்பளத்துக்கான ஸ்ட்ரைக் என்றால், உங்கள் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆள் போடலாம். 1938இல் வந்த தீர்ப்பு. கம்பெனியின் சட்டமீறலை எதிர்த்து என்றால் அப்படிப் போட முடியாது. அதனால் நடந்ததை நடந்த அன்றே தேதியோடு எழுதி வையுங்கள்.

கூட்டாகக் கடிதம் கொடுத்ததற்காக என்னை எடுத்து ஐந்து மாதம் மூன்று வாரம் ஆகிறது. ஹெச்.ஆர். விசாரிக்கிறோம் என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கவா?

பொறுக்காதீர்கள். நாளைக் காலையில் உங்கள் பகுதி வாரிய அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அந்த 6 மாதத்துக்குள் கம்பெனிக்கும் நகல் போய்ச் சேர வேண்டும் என்பதால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.