சபையை விட்டு வந்தால் சாபம் வருமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்கள் இடம் கிளிநொச்சி, கண்டாவளைப் பக்கம். 2010இல் மீள்குடியேறித் தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்தில் அம்மாவும் நானும் ஒரு சபையில் சேர்ந்தோம். அன்றிலிருந்து பொட்டில்லை, பூவில்லை. சொந்தக்காரர் வீட்டு அந்தியேட்டியில் கூடக் கை நனைத்ததில்லை. சம்பளத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். கொஞ்சக் காலமாக எனக்கு விசுவாசமே இல்லை. கண்ணை மூடினால் ஜெபம் வருவதில்லை. இந்த வருஷம் நாலு குடும்பங்கள் சபையை விட்டுப் போய்விட்டன. அதில் ஒருத்தி என் உயிர்த்தோழி. போனவர்களோடு கதைக்கக் கூடாதாம். அவளுடைய பிள்ளைக்கு டெங்கு வந்தபோது, பின்வாங்கிப் போனதற்குத் தண்டனை என்று பாஸ்டர் கூட்டத்திலேயே சொன்னார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், பயமாக இருக்கிறது. காணாமல் போன அண்ணா திரும்பி வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை நம்பித்தான் அம்மா இருக்கிறார். 2017இல் காணாமல் போனவர்களைத் தேடும் போராட்டத்தில் மற்றத் தாய்மாரோடு போய் இருக்க அம்மா ஆசைப்பட்டார். கோவில் வாசலில் இருக்கக் கூடாது என்று சபையில் மறித்துவிட்டார்கள். ஆனால் வெள்ளத்தில் எங்களைத் தாங்கியவர்களும் இவர்கள்தான். நான் என்ன செய்ய?
— பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தங்கச்சி,

முதலில் அந்தப் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்தப் பயம்தான். டெங்கு நுளம்பால் வருகிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு வடக்கில் அது கூடுவது ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். சபைக்குப் போகிற வீடு, போகாத வீடு என்று நுளம்பு பார்ப்பதில்லை. நீங்கள் வேதம் படித்தவர். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு என்ன சொன்னார்? இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைக் காட்டித் தாயைக் குற்றவாளியாக்குவதற்கு அவருடைய வேதத்திலேயே இடமில்லை. எல்லாச் சபைகளும் இப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். விட்டுப் போனவர்களுக்காகவும் பகையில்லாமல் ஜெபிக்கிற ஊழியர்கள் வன்னியில் இருக்கிறார்கள்.

பயத்தை விடப் பெரிய முடிச்சு நன்றிக்கடன். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து கண்டாவளை முழுக்க வெள்ளம் நின்றபோது உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், அதற்கு முன்பு தறப்பாளுக்குள் நீங்கள் இருந்தபோது அரிசியும் பாயும் கொண்டுவந்தவர்கள் இந்தச் சபையார்தான். அது பொய்யில்லை. நம்பிக்கை போய்விட்டது என்பதற்காக அந்த உதவியையும் நடிப்பு என்று நீங்கள் நினைக்கத் தேவையில்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கசப்பாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லி மனச்சாட்சியைக் கொடுக்க முடியாது, தங்கச்சி. அரிசி தந்தவருக்கு அரிசி தரலாம், அவர் வீட்டில் சாவென்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்கலாம். நம்பாததை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் எழுந்து சாட்சி சொல்வது நன்றியில் சேராது. சட்டமும் உங்கள் பக்கம்தான். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. சேர்ந்தபோது உங்களுக்கு இருந்த அதே உரிமை விலகும்போதும் இருக்கிறது.

அம்மாவின் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது, அண்ணாவின் படத்தோடு போய் இருக்க அவர் ஆசைப்பட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விசுவாசத்தில் முதலில் விரிசல் விழுந்தது அன்றைக்குத்தானோ என்று நினைக்கிறேன். மகனைத் தேடுகிற தாயை அதே வலியோடு இருக்கிற தாய்மாரிடமிருந்து பிரித்தது அந்தத் தடை. எனக்கும் அதை வாசிக்கத் தாங்கவில்லை.

அதற்காக, “அந்தத் தீர்க்கதரிசனம் பொய், அண்ணா வரமாட்டார்” என்று ஒருநாளும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது. உங்கள் விசுவாசம் போனதற்காக அவருடைய நம்பிக்கையையும் எடுக்க வேண்டாம். “அம்மா, எனக்கு இப்போது ஜெபம் வருகுதில்லை. உங்களை நான் மறிக்கவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சபை வாசலில் இறக்கிவிட்டு, கூட்டம் முடிய வந்து கூட்டிப் போங்கள். அழுவார், கோபிப்பார், சாப்பிடாமல் இருப்பார். திருப்பிச் சண்டை பிடிக்க வேண்டாம். அப்புறம் மெதுவாக, அந்தத் தாய்மாரைப் போய்ப் பார்ப்போமா என்று கேட்டுப் பாருங்கள். போவதா விடுவதா என்று அவர் சொல்லட்டும்.

போவதற்கு முன்பு கைக்காரியங்களைச் சரிபாருங்கள். சபைப் பெண்களோடு சீட்டுப் பிடித்திருந்தால் கட்டி முடியுங்கள். கைமாற்று வாங்கியிருந்தால் அடையுங்கள். மகள் அங்கே மாலை வகுப்புக்குப் போகிறாள் என்றால், முதலில் வேறு வகுப்புப் பாருங்கள். தசமபாகத்தை நிறுத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பாஸ்டர் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுங்கள். செய்த உதவிக்கு வாய்விட்டு நன்றி சொல்லுங்கள். “இனி வரமாட்டேன்” என்று ஒரே வசனத்தில் முடியுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வேதவசனம் எடுத்துக் காட்டுவார், இரவு பத்து மணியாகிவிடும். அந்த நேரம் பக்கத்தில் சித்தியோ மாமாவோ ஒருவர் இருப்பது நல்லது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். நீங்கள் விலகியது தெரிந்ததும், தாய்ச்சமயத்துக்குத் திரும்பிவிட்டார் என்று மாலை போட்டுப் படம் எடுக்க ஆட்கள் வரக்கூடும். அதற்கும் நிற்காதீர்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போக மனம் வந்தால் போங்கள், வராவிட்டால் இருங்கள். சும்மா இருக்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. சொந்தக்காரர் வீடுகளுக்கு மட்டும் போகத் தொடங்குங்கள். இத்தனை வருஷம் சாப்பிடாமல் எழும்பி வந்த வீடுகள் அவை. அடுத்த சாமத்திய வீட்டில் பந்தியில் இருந்து சாப்பிடுங்கள், அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இரவில் நித்திரை வராமல், சாபம் வந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம். பல வருஷமாகக் கேட்டுவந்த பயம் மனத்தை விட்டுப் போகக் காலம் எடுக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் தோழியிடம் இந்தக் கிழமையே போங்கள். நீங்கள் சபையை விட்டபிறகு போகலாம் என்று வைத்திருக்க வேண்டாம். பிள்ளைக்கு இப்போது எப்படி என்று கேளுங்கள். அவர் கோபித்தால் கேட்டுக்கொண்டு இருங்கள். பிள்ளை வருத்தமாய்க் கிடந்தபோது நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அந்தக் கோபம் நியாயம்தானே.