கச்சானோடு ஒப்பிட்டால் ஒரு விடை, வாடையோடு ஒப்பிட்டால் வேறு

மண்டபம் முதல் தொண்டி வரை, மீன்பாட்டுக் கணக்கை வைத்து ரிக்ரஷன் (எது எதனால் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) போடும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே புகார்தான்: ஆர், எஸ்பிஎஸ்எஸ், சாஸ், ஸ்டேட்டா, பைத்தான், எக்செல் என்று மென்பொருளை மாற்றினால் விடையும் மாறுகிறது.

கீழக்கரை: காக்கா, நண்டுப்பாட்டைக் காற்றின் பெயரோடு (கச்சான், கொண்டல், சோளகம், வாடை) சேர்த்துப் போட்டேன். ஆர்-இல் வாடைக்கு 20 என்று வருகிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் வாடைக்கு 0, மற்றதெல்லாம் மைனஸ். எது சரி?

இரண்டும் சரி தம்பி. ஆர் அகரவரிசையில் முதலில் வரும் பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளும். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் அது கச்சான்தான். எஸ்பிஎஸ்எஸ்ஸின் ஜெனரல் லீனியர் மாடல் கடைசி வகையான வாடையை எடுத்துக்கொள்ளும். கச்சான் நாளில் சராசரி 40 கிலோ, கொண்டலில் 52, சோளகத்தில் 46, வாடையில் 60 என்று வைத்துக்கொள்வோம். ஆர்-இல் இன்டர்செப்ட், அதாவது அடிப்படை மதிப்பு, 40. அதற்கு மேல் கொண்டலுக்கு 12, சோளகத்துக்கு 6, வாடைக்கு 20. எஸ்பிஎஸ்எஸ்ஸில் இன்டர்செப்ட் 60. கச்சானுக்கு −20, கொண்டலுக்கு −8, சோளகத்துக்கு −14. சோளக நாளுக்குக் கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் 46தான்.

பி-வேல்யூ (தற்செயலிலேயே இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) மாறுவதும் இதனால்தான். ஆர், சோளகம் கச்சானிலிருந்து வேறா என்று கேட்கிறது. எஸ்பிஎஸ்எஸ், வாடையிலிருந்து வேறா என்று கேட்கிறது. 6 கிலோ வித்தியாசம் தேறாமல் போகலாம், 14 கிலோ தேறிவிடலாம். காற்று மொத்தத்துக்கும் வரும் எஃப் மதிப்பு மாறாது. ஒரே மாதிரி வேண்டுமென்றால் ஆர்-இல் ரீலெவல் போட்டு வாடையை முன்னால் கொண்டுவாருங்கள்.

தொண்டி: படகு வகையையும் காற்றையும் சேர்த்தேன். ஆர்-இன் அனோவா அட்டவணையில் எது முதலில் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது, சார்.

மாறத்தான் செய்யும். அந்தக் கட்டளை டைப் 1 முறை. முதலில் எழுதியது தன் பங்கை அள்ளிக்கொள்ளும், மிச்சம்தான் அடுத்ததற்கு. எஸ்பிஎஸ்எஸ்ஸும் சாஸும் டைப் 3 (மற்றதன் பங்கைக் கழித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் மிஞ்சுவது) காட்டும். வள்ளமும் விசைப்படகும் ஒவ்வொரு காற்றிலும் சம நாட்கள் போயிருந்தால் இந்தத் தகராறே வராது; கடலில் அப்படி எங்கே அமைகிறது? ஆர்-இல் 'கார்' என்ற துணைத் தொகுப்பை வைத்து டைப் 3 கேட்பவர்கள் முதலில் கான்ட்ராஸ்ட்டை (வகைகளை எண்ணாக்கும் முறையை) 'சம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்டராக்‌ஷன் (காற்றின் விளைவு படகுக்குப் படகு மாறுவது) இருக்கும்போது இதை விட்டால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை.

மண்டபம்: அண்ணே, ஒரே ஃபைல்தான். ஆனால் இரண்டு மென்பொருளில் ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு) எக்கச்சக்கமாக வேறுபடுகிறது.

முதலில் இரண்டிலும் எத்தனை வரிசை கணக்கில் வந்தது என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அந்த நாட்களைச் சிலர் வெற்றிடமாக விடுவார்கள், சிலர் 0 போடுவார்கள், சிலர் 999. எஸ்பிஎஸ்எஸ்ஸில் 999 என்றால் 'விவரம் இல்லை' என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அதை சிஎஸ்வி ஆக்கி ஆர்-க்குக் கொண்டுபோனபோது, தடைக்காலத்தில் தினமும் 999 கிலோ நண்டு பிடிபட்டதாகக் கணக்கு வந்தது! இரண்டு நாள் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தால், 'ரோபஸ்ட்' (சிதறல் சீராக இல்லாவிட்டாலும் தாங்கும் ஸ்டாண்டர்ட் எரர்) கேட்டீர்களா என்று பாருங்கள். அதில் பல வகை உண்டு. ஸ்டேட்டா தருவது ஹெச்சி1. ஆர்-இன் சாண்ட்விச் தொகுப்பு, சொல்லாவிட்டால் ஹெச்சி3. தரவு குறைவென்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

தேவிபட்டினம்: பைத்தானில் ஆர்-ஸ்கொயர் (மீன்பாட்டின் ஏற்ற இறக்கத்தில் ரிக்ரஷன் விளக்கும் பங்கு) 0.9! எக்செல்லில் 0.3தான்.

சந்தோஷப்படாதீர்கள். பைத்தானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தொகுப்பில் உள்ள ஓஎல்எஸ்ஸுக்கு (சாதாரண ரிக்ரஷன்) நேரடியாக அட்டவணையைக் கொடுத்தால் இன்டர்செப்ட்டை அது தானாகச் சேர்க்காது. இன்டர்செப்ட் இல்லாத ஆர்-ஸ்கொயர் சராசரியிலிருந்து அளக்காமல் பூஜ்ஜியத்திலிருந்து அளக்கப்படுவது, அதனால் ஊதித் தெரியும். ஆட்-கான்ஸ்டன்ட் போடுங்கள். இன்னொரு பைத்தான் தொகுப்பான சைகிட்-லேர்னின் லாஜிஸ்டிக் ரிக்ரஷனும் (ஆம், இல்லை என்ற விடைக்கானது) கேட்காமலே கெழுக்களைச் சுருக்கும்.

பாம்பன்: லாஜிஸ்டிக்கில் சாஸ் மட்டும் குறியைத் தலைகீழாகத் தருகிறது.

0, 1 என்றால் அது 0-க்கான வாய்ப்பைக் கணக்கிடும். டிசெண்டிங் என்று சேருங்கள்.

ராமேஸ்வரம்: அப்படியென்றால் மென்பொருளின் கணக்கே தப்பாவது உண்டா?

உண்டு. 1967-இல் லாங்லி என்பவர் 16 வரிசை, 6 மாறிகள் கொண்ட ஒரு தரவை அன்றைய நிரல்களில் ஓட்டிப் பார்த்தார். மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததால் விடைகள் கண்டபடி வந்தன. 2003-க்கு முந்தைய எக்செல்லிலும் இந்தக் குறை இருந்தது. நீங்கள் ஆண்டையும் ஆண்டின் வர்க்கத்தையும் சேர்த்துப் போடும்போது இதே ஒட்டல்தான் வருகிறது. 2005, 2006 என்று அப்படியே கொடுக்காமல் 2015-ஐக் கழித்துவிட்டுப் போடுங்கள். எட்டாவது தசமத்தில் வருகிற வித்தியாசத்தை விட்டுவிடலாம்.