கடற்கரை மணலில் ரிமோட் கார் ஓட்ட எந்த பிரஷ்லெஸ் மோட்டார் சரி?

ராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரையில் ஓட்டும் 1/10 அளவு காருக்கு அதிக கேவி பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாராக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது மட்டும்தான், வலுவின் அளவு இல்லை. 3000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் பேட்டரி கொடுத்தால் சுமார் 33,000 சுற்று. தார் ரோட்டில் பறக்கும். இளகிய மணலில் சக்கரம் புதைந்து, கரண்ட்டை இழுத்து இழுத்துச் சூடேறும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும். அதனால் கேவி குறைந்த மோட்டார், சின்ன பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்). காரில் இடமிருந்தால் 3650 அளவு மோட்டாரை விட 3660 மேல். விட்டம் அதே 36 மில்லிமீட்டர், நீளம் 10 மில்லிமீட்டர் கூடுதல்.

தரத்தைக் கையிலேயே பார்க்கலாம். ஷாஃப்ட்டை, அதாவது வெளியே நீட்டியிருக்கும் சுழல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெல்லச் சுற்றும்போது விட்டு விட்டுத் தடுப்பது காந்தத்தின் இழுப்பு, குறையில்லை. கரகரவென்று உரசினால்தான் பேரிங்கில் கோளாறு.

அப்புறம் நம்ம ஊர் உப்புக்காற்று. குளிர்வதற்காக ஓட்டை வைத்த மோட்டார் இங்கே ஆகாது; மணலில் இருக்கும் இரும்புத் துகளைக் காந்தம் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மூடிய உடல்தான் நல்லது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். காயிலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாவிட்டாலும், ஸ்டீல் பேரிங் துருப்பிடித்துவிடும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.