வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

லைட் எரிகிறது, ஸ்டார்ட் ஆகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பக்கெட் எடுங்கள். குழாயை மூடி, ஹோஸை மெஷின் பக்கம் கழற்றி, அதன் முனையைப் பக்கெட்டில் விட்டுத் திறந்து பாருங்கள். நூல் மாதிரி வந்தால் மெஷின் மேல் தப்பில்லை, குழாயையும் டேங்கையும் பாருங்கள். வேகமாக விழுந்தால் கோளாறு பெரும்பாலும் மெஷினுக்குள்தான்.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. மொட்டை மாடி டேங்கைக் கழுவிய மறுநாள் மெஷின் நின்றுபோனது. ஹோஸ் மாட்டும் வாய்க்குள் விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். நடுவில் இருக்கும் சின்ன மூக்கைப் பிளையரால் பிடித்து நேராக இழுத்தேன், வந்துவிட்டது. வலை முழுக்கப் பழுப்பு நிற நைஸ் மணல், ஓரத்தில் போர் தண்ணீர் உப்பு. மணல் பழைய டூத் பிரஷ்ஷுக்குப் போனது. உப்பு அசையவில்லை. வினிகரில் அரை மணி நேரம் ஊறிய பிறகுதான் விட்டது. தொல்லை என்று வலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு மெஷினுக்குள் இருக்கிறது. மணல் அதற்குள் போய் உட்கார்ந்தால் அது சரியாக மூடாது; மெஷின் ஆஃபில் இருக்கும்போதும் டிரம்மில் தண்ணீர் சொட்டும்.

மேல் மாடி வீடு என்றால் டேங்க் உயரத்தையும் கவனியுங்கள். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கும். அதாவது டேங்கில் தண்ணீர் மட்டம் மெஷினைவிட 3 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கீழ் வீட்டில் நன்றாக ஓடும் மெஷின் மேல் வீட்டில் திணறுவது இதனால்தான். இதற்குச் சின்ன பிரஷர் பம்ப்தான் வழி.

வலையும் சுத்தம், அழுத்தமும் சரி என்றால் எல்லாவற்றையும் மாட்டி, ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று மெல்லிய சத்தம் வந்தால் வால்வுக்குக் கரண்ட் வருகிறது, வால்வுதான் திறக்கவில்லை. சத்தமே இல்லையென்றால் மூடி அல்லது கதவு லாக், வால்வின் கம்பிச் சுருள் (காயில்), மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கேட்ட சத்தத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஹோஸைத் திருப்பி மாட்டும்போது உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் இறுக்கினாலே போதும், ஸ்பானர் வேண்டாம். பிளாஸ்டிக் மரை உடைந்தால் வால்வையே மாற்ற வேண்டியிருக்கும்.