குழந்தைக்குச் சால்மொனெல்லா: மருந்து தராத மருத்துவர் மீது கோபப்படலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறோம். ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சலோடு தண்ணீராக வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. பிறகு மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும் தெரிந்தன. பரிசோதனையில் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி என்று வந்தது. ஆனாலும் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தரவில்லை; நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடியான ஓஆர்எஸ் பொட்டலங்களை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து ஆறு வயது மகனுக்கும், அதற்கு மூன்று நாள் கழித்து என் மாமியாருக்கும் வயிற்றுப்போக்கு. மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். பணிப்பெண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார் மாமியார். எல்லாருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? மகளைப் பாலர் பராமரிப்பு நிலையத்துக்கு எப்போது அனுப்பலாம்? வீட்டில் மகன் வளர்க்கும் சிறிய ஆமை ஒன்றும் இருக்கிறது.

பதில்: கடைசி வாக்கியத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இருந்தாலும் உங்கள் கோபத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் செய்தது சரி. மூன்று மாதத்தைத் தாண்டிய, வேறு நோயில்லாத குழந்தையின் குடலோடு சால்மொனெல்லா நின்றுவிட்டால், பெரும்பாலும் நான்கு முதல் ஏழு நாளில் உடலே அதை அடக்கிவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் அந்த நாள்கள் குறிப்பிடும்படி குறைவதில்லை. மாறாக, கிருமி மலத்தில் வெளியேறும் காலம் நீளக்கூடும்; கூடவே குடலில் இருக்க வேண்டிய நல்ல நுண்ணுயிர்களும் அழிகின்றன. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர், கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டவர் ஆகியோருக்கு மருந்து கட்டாயம் தேவை. உங்கள் மகள் இந்தப் பட்டியலில் இல்லை.

மலத்தில் இரத்தம் தெரிந்தாலே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. அது எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்றால் மருந்து பெரும்பாலும் தேவைப்படும். அது நூறுக்கும் குறைவான கிருமிகளே உள்ளே போனாலும் நோயைத் தந்துவிடும் என்பதால் ஒரே வாரத்தில் வீடு முழுக்கப் பரவும். சரியாக வேகாத கோழியிலிருந்து வரும் கேம்பிலோபேக்டர் பெரும்பாலும் தானாக அடங்கும். கடுமையாக இருந்தால் மட்டும் மருந்து. இ-கோலை என்ற குடல் கிருமியில் நச்சு சுரக்கும் ஒரு வகை உண்டு. அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்தைக் கூட்டக்கூடும். வயிற்றுப்போக்கு தணியும் வேளையில் குழந்தை வெளுத்துப்போய், சிறுநீரும் குறைந்தால், இந்த வகையை நினைத்து உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முன்பு யாருக்கோ வாங்கி மீந்த மருந்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஏன் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும். பெரியவர்கள் விழுங்கும், போக்கை நிறுத்தும் மாத்திரையும் குழந்தைக்கு ஆகாது.

வயிற்றுப்போக்கில் குழந்தையை வீழ்த்துவது பெரும்பாலும் கிருமியைவிட நீரிழப்புதான். குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் போகிறது. ஓஆர்எஸ்ஸின் சூட்சுமம் இவ்வளவுதான். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்க முகாமில் காலராவால் மக்கள் மடிந்தபோது, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து இறப்பைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். “பொட்டலம் மட்டும்தான் கொடுத்தார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொட்டலம்தான் மருந்து.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பின்பும் ஓஆர்எஸ் கரைசலை 50 முதல் 100 மில்லிலிட்டர் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். இங்கே பல வீடுகளில் செய்வதுபோல ஹண்ட்ரட் பிளஸ் விளையாட்டுப் பான பாட்டிலைத் திறக்காதீர்கள். விளையாடி வியர்த்தவருக்கு அது சரி. வயிற்றுப்போக்குக்கு அதில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. பாலை நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மாமியார் உப்புப் போட்டு அரிசிக்கஞ்சி தருகிறார் என்றால் தாராளமாகத் தரட்டும். இந்த விஷயத்தில் பாட்டிமார்களின் அறிவு பழுதில்லாதது. வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பதை மட்டும் அன்போடு தடுத்துவிடுங்கள்.

இனி, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணை. சால்மொனெல்லா உடலில் புகுந்து பொதுவாக ஆறு மணி முதல் மூன்று நாளுக்குள் வேலையைக் காட்டும். ஒரே உணவால் வந்திருந்தால் மூவரும் ஓரிரு நாள் இடைவெளியில் விழுந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் இடைவெளியைப் பார்த்தால், மகளிடமிருந்து மற்றவர்களுக்குப் போயிருக்கலாம். அல்லது கிருமியின் ஊற்று இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். மாமியார் டயப்பர் மாற்றுகிறாரா? வயிற்றுப் புளிப்புக்கு ஒமிப்ரசோல் சாப்பிடுகிறாரா? இரைப்பையின் அமிலம் குறைந்தால் இந்தக் கிருமிக்குக் கதவு திறந்ததுபோல் ஆகிவிடும்.

பணிப்பெண் மீது முதல் விரல் நீள்வது நம் வீடுகளில் பழகிப்போன அநியாயம். அவருக்கு எந்த அறிகுறியும் இல்லையென்றால் பரிசோதனையால் பயனில்லை. கிருமி இருப்பதாகவே முடிவு வந்தாலும், அவர் குழந்தைக்குக் கொடுத்தாரா, டயப்பர் மாற்றியபோது குழந்தையிடமிருந்து பெற்றாரா என்று எந்த ஆய்வகமும் சொல்லாது. அதே காரணத்தால் நலமாக இருக்கும் மற்றவர்களுக்கும் பரிசோதனை வேண்டாம். உணவுக் கடையிலோ குழந்தைகள் பராமரிப்பிலோ வேலை செய்பவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மகளுக்கும் மறுபரிசோதனை செய்து மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் நலமான பிறகும் பல வாரங்கள் இக்கிருமியை மலத்தில் வெளியேற்றுவது சாதாரணம்.

இப்போது ஆமைக்கு வருவோம். சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியுள்ள, காதருகே சிவப்புப் பட்டை கொண்ட நீராமையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆமைகள் நோயின்றியே குடலில் சால்மொனெல்லாவைச் சுமப்பவை. குழந்தைகளுக்கு நோய் பரவியதால் அமெரிக்கா 1975இல் சிறிய ஆமைகளின் விற்பனையையே தடை செய்தது. குழந்தை ஆமையைத் தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆமைத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவி, பிறகு அதே இடத்தில் பால் பாட்டிலைக் கழுவினாலே போதும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் ஆமை வேண்டாம் என்பதே என் கருத்து. மகன் அழுவான், சிறு பிள்ளைகள் இல்லாத உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். பூங்காக் குளத்தில் விட்டுவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். அதுவரை தொட்டி நீரைக் கழிப்பறையில் மட்டும் ஊற்றுங்கள்.

ஆமை மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. முட்டையும் கோழியும் எப்போதும் சந்தேக வட்டத்தில் உண்டு. 2021இல் சில மலேசியப் பண்ணைகளின் முட்டைகளில் சால்மொனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை கண்டறியப்பட்டு, சிங்கப்பூர் உணவு அமைப்பு அவற்றைத் திரும்பப் பெறச் செய்தது. காப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டையை, நீங்கள் சாப்பிட்டாலும், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள். சந்தையில் வாங்கிய கோழியை மஞ்சள் போட்டுக் குழாயடியில் அலசும்போது கிருமி தெறித்துப் பரவுகிறது. குழம்பு கொதித்தால் கோழியில் உள்ளது செத்துவிடும். பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காயில் தெறித்தது சாகாது. 2009இல் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்று இருவர் இறந்தது விப்ரியோ என்ற வேறொரு கிருமியால். ஆனால் அங்கேயும் பச்சைக் கடலுணவிலிருந்து கிருமி சமைத்த உணவுக்குத் தாவியதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது.

பராமரிப்பு நிலையத்துக்கு, கடைசியாகத் தண்ணீராகப் போனதிலிருந்து 48 மணி நேரம் கழித்து அனுப்பலாம். நிலையத்துக்குத் தனி விதி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். டயப்பர் மாற்றுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று அங்கேயும் சொல்லிவையுங்கள்.

மாமியாருக்கு வயது என்னவென்று நீங்கள் எழுதவில்லை. அறுபத்தைந்தைத் தாண்டியிருந்து, காய்ச்சல் நின்றபாடில்லை என்றால், மகளுக்குச் சொன்ன “மருந்து வேண்டாம்” அவருக்குப் பொருந்தாது. இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மகனோ மகளோ எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும், கண் குழிந்து துவண்டு கிடந்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். எழுப்பினால் எழவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.