மலையில் புகை, செல்போனில் புள்ளி இல்லை: ஏன்?

கேள்வி: பென்னாகரம் பக்கம் காப்புக்காட்டை ஒட்டி எனக்கு மாந்தோப்பு இருக்கிறது. போன பங்குனியில் ஒருநாள் மாலை 4 மணிக்கு மலையில் புகை கிளம்பியது. நாசாவின் தீ வரைபடத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். படுக்கும்வரை ஒரு புள்ளியும் வரவில்லை. விடிந்து பார்த்தால் தோப்பின் ஓரத்திலேயே சிவப்புப் புள்ளி. இதை நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் அது எப்போது பார்க்கிறது என்று தெரிந்து நம்ப வேண்டும்.

அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை 'வியர்ஸ்' என்ற கருவி தருபவை. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 என்ற மூன்று செயற்கைக்கோள்களில் அது இருக்கிறது. மூன்றுமே நம் பகுதியைக் கடப்பது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும், இரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான். நீங்கள் புகையைப் பார்த்தபோது பகல் சுற்று முடிந்துவிட்டது. அடுத்த சுற்று நள்ளிரவுக்கு மேல். அதன் பிறகும் தகவல் வரைபடத்தில் ஏற 3 மணி நேரம் வரை ஆகலாம். இரண்டு சுற்றுக்கும் நடுவே பற்றி அணைந்துபோன புல் தீ பதிவாகவே ஆகாது. இன்சாட் வகை செயற்கைக்கோள்கள் அரை மணிக்கொரு படம் எடுக்கின்றன, சரி. ஆனால் தீயைக் காட்டும் அலைவரிசையில் அவற்றின் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) சுமார் 4 கிலோமீட்டர் அகலம். சிறு தீ அதில் கரைந்துவிடும்.

தோப்போரப் புள்ளிக்கு வருகிறேன். வியர்ஸ் பார்ப்பது வெப்பத்தை. ஒரு கட்டம் சுற்றியுள்ள கட்டங்களைவிட மிகச் சூடாகத் தெரிந்தால் அதைத் தீ என்று குறிக்கும். ஒரு கட்டம் 375 மீட்டருக்கு 375 மீட்டர், ஏறக்குறைய 35 ஏக்கர். தீ அதற்குள் எந்த மூலையில் எரிந்தாலும் புள்ளி நடுவில்தான் விழும். பக்கத்தில் யாராவது கரும்புச் சோகை கொளுத்தினாலும், செங்கல் சூளை எரிந்தாலும் அதே சிவப்புதான். அதனால் புள்ளியைக் கண்டு பதற வேண்டாம், போய்ப் பாருங்கள்.

இது கைகொடுப்பது மலையின் மறுபக்கம் எரியும்போதும், அணைந்ததாக நினைத்த தீ இரவில் உயிரோடு இருக்கும்போதும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் (Forest Survey of India) குறுஞ்செய்தியில் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. தருமபுரி மாவட்டத்தைத் தேர்ந்து, பிப்ரவரிக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். நாசா தளத்திலும் உங்கள் பகுதியைக் குறித்துவைத்தால் மின்னஞ்சல் வரும்.

புகை கண்ணில் பட்டுவிட்டால் செல்போனில் புள்ளி தேடாதீர்கள். அந்த நிமிடமே வனக்காப்பாளரையும் 101-ஐயும் அழையுங்கள். வனச்சரக அலுவலக எண்ணை இன்றே வாங்கி வையுங்கள். மாசி பிறக்கும் முன் காட்டோர எல்லையை அகலமாக உழுது, சருகை வாரித் தோப்புக்குள் குழியில் போட்டு மூடுங்கள். தயவுசெய்து அதைக் கொளுத்த வேண்டாம். அப்படி வைத்த நெருப்பே காட்டுக்குள் ஏறிவிடும்.